பெயரில்லாத நடுகற்கள்

பழைய சேலம் மாவட்டத்தில் இரண்டு குறும்பாதை ரயில்கள் ஓடின என்னும் செய்தி இன்று அம்மண்ணில் வாழ்வோருக்கே புதிதாகத் தோன்றக்கூடும். ஒன்று திருப்பத்தூரிலிருந்து கிருஷ்ணகிரிக்குச் சென்றது. மற்றொன்று மொரப்பூரிலிருந்து தருமபுரிக்குச் சென்றது. முன்னது 1905 செப்டம்பரிலும் பின்னது 1906 ஜனவரியிலும் திறக்கப்பட்டன. தருமபுரிப் பாதை 1913இல் ஒசூர் வரை நீட்டிக்கப்பட்டது. அன்று திருப்பத்தூரும் சேலம் மாவட்டத்தைச் சேர்ந்ததுதான். 1911இல்தான் அது வட ஆர்க்காட்டோடு இணைந்தது. ஆகவே, பாராமகால் என்று வழங்கிய நிலப்பரப்பின் குறுக்கே புகைவிட்டு ஓடிய இவ்விரு வண்டிகளையும் நம் மாவட்டத்து வண்டிகள் என்று உரிமையோடு சொல்லலாம். சொல்லலாமே தவிர, சுட்டிக்காட்ட இயலாது. ஓடிய பாதையும் இல்லை. ஓடிய எஞ்சினும் நம் கண்முன் இல்லை.

இந்தப் பாதைகள் வணிகத்துக்காகவோ சுற்றுலாவுக்காகவோ போடப்பட்டவை அல்ல. அரசு ஆவணங்களின் மொழியில் இவை ‘பஞ்சப் பாதுகாப்பு’ப் பாதைகள். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை உலுக்கிய தாது வருடப் பஞ்சத்தில் சேலம் மாவட்டம் பட்ட பாடு கொஞ்சமன்று. 1871ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் ஏறக்குறைய 19.7 லட்சமாக இருந்த மாவட்ட மக்கள்தொகை, 1881இல் 16 லட்சமாகச் சுருங்கியது. பத்து ஆண்டுகளில் ஐவரில் ஒருவர் குறைந்துபோனார் என்று இதை எளிமையாகச் சொல்லலாம். இறந்தவர் பலர், ஊரைவிட்டுப் போனவரும் பலர். இலங்கையின் மலைத்தோட்டங்களுக்குச் சென்ற கூட்டத்தில் நம் மாவட்டத்தவரும் இருந்தனர்.

இதில் நாம் நின்று யோசிக்க வேண்டிய ஓர் இடம் உண்டு. பஞ்சம் வந்தபோது சேலத்தில் ரயில் இல்லாமல் இல்லை. 1861இலேயே சென்னையிலிருந்து வந்த அகலப்பாதை சேலத்தை எட்டிவிட்டது. திருப்பத்தூரும் மொரப்பூரும் அப்பாதையில் அமைந்த நிலையங்களே. தண்டவாளம் இருந்தும் மக்கள் மாண்டனர். ரயிலுக்குச் செலவிடும் பணத்தைக் கால்வாய்க்குச் செலவிடுங்கள் என்று ஆர்தர் காட்டன் போன்றோர் வாதிட்டு வந்ததற்கு இத்தகைய அனுபவங்களும் வலுச்சேர்த்தன. ஆனால் 1880இல் அறிக்கை தந்த பஞ்சக் குழு ரயில் பாதைகளைப் பெருக்குவதையே முக்கியத் தீர்வுகளுள் ஒன்றாகப் பரிந்துரைத்தது. பெரும்பாதையில் வந்து இறங்கும் தானியம் உள்நாட்டு ஊர்களுக்குப் போய்ச்சேர வழியில்லை, அந்த வழியை மலிவாகப் போட்டுக்கொடுத்தால் போதும் என்பது அதன் பின்னிருந்த கணக்கு. அக்கணக்கிலிருந்து பிறந்தவையே நம் சின்ன ரயில்கள். பாதையைப் போடும்போது பஞ்சம் முடிந்து ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் ஆகியிருந்தன என்பது வேறு கதை.

மலிவு என்ற சொல்லைச் சற்று விளக்க வேண்டும். இந்திய அகலப்பாதையில் இரு தண்டவாளங்களுக்கு இடையே ஐந்தரை அடி, அதாவது 1676 மில்லிமீட்டர். மீட்டர் பாதை பெயரிலேயே தன் அளவைச் சொல்லிவிடுகிறது. நேரோ கேஜ் என்னும் குறும்பாதை இரண்டரை அடி அல்லது இரண்டு அடி: 762 அல்லது 610 மில்லிமீட்டர். பாதை குறுகினால் வளைவைக் கடுமையாக வளைக்கலாம், குன்றைக் குடையாமல் சுற்றிப் போகலாம், பாலம் சிறுக்கும், மண்வேலை சிறுக்கும். எஞ்சின் எடை குறைவென்பதால் தண்டவாளமும் மெலிந்ததாக இருக்கலாம். எவரார்ட் கால்த்ராப் என்னும் பொறியாளர் 1897இல் திறந்த பார்சி இலகு ரயில்பாதையில், எந்த அச்சின் மீதும் ஐந்து டன்னுக்கு மேல் சுமை விழாதவாறு வண்டிகளை வடிவமைத்துக் காட்டினார். மெல்லிய தண்டவாளத்தின் மேலும் கணிசமான சுமையை ஏற்றலாம் என்று அது மெய்ப்பித்தது. இரண்டரை அடி என்ற அளவு அரசுக்குப் பிடித்துப்போனதற்கு இராணுவமும் ஒரு காரணம். ஓரிடத்து வண்டியையும் தண்டவாளத்தையும் போர்க்காலத்தில் பெயர்த்து வேறிடத்தில் பூட்ட வேண்டுமானால் அளவு ஒன்றாக இருக்க வேண்டும் அல்லவா? சிம்லா மலைப்பாதை இரண்டு அடியில் தொடங்கி, இராணுவத்தின் வற்புறுத்தலால் இரண்டரை அடிக்கு மாற்றப்பட்டே 1903இல் திறக்கப்பட்டது.

நம் பாதைகளின் முடிவும் இந்தக் காரணத்துக்குள்ளேயே ஒளிந்திருந்தது. 1908இல் சென்னை ரயில்வே மறுசீரமைக்கப்பட்டபோது ஜோலார்பேட்டைக்குத் தெற்கே உள்ள பாதைகள் தென்னிந்திய ரயில்வேயின் கைக்கு வந்தன. அதன் பின் மோட்டார் பேருந்து வந்தது. சிற்றூர் ரயில்களின் வருமானத்தை நாடெங்கும் அது தின்றது. இரண்டாம் உலகப்போர் வந்தபோது இலாபமற்ற கிளைப்பாதைகளின் இரும்பு அரசின் கண்ணில் பட்டது. 1941இல் மொரப்பூர்–ஒசூர்ப் பாதை மூடப்பட்டுத் தண்டவாளம் பெயர்க்கப்பட்டது. போர் முடியுமுன்பே கிருஷ்ணகிரிப் பாதையும் இல்லாமல் போயிருந்தது. பசிக்கென்று போட்ட பாதையைப் போருக்கென்று எடுத்துக்கொண்டார்கள். 1960களின் இறுதியில் சேலத்திலிருந்து தருமபுரி, ஒசூர் வழியாகப் பெங்களூருக்கு மீட்டர் பாதை வந்தது. 1990களில் அது அகலப்பாதை ஆயிற்று. கிருஷ்ணகிரி நகருக்கு இழந்த ரயில் இன்றுவரை திரும்பவில்லை.

எம் வகுப்பில் ஒருமுறை, வீட்டிலுள்ள மூத்தோரிடம் பழைய ரயிலைப் பற்றிக் கேட்டு எழுதிவருமாறு மாணவர்களைப் பணித்தோம். இளம்பிள்ளையைச் சுற்றியுள்ள பிள்ளைகள் மகுடஞ்சாவடி நிலையத்தையும் கரி வண்டியையும் எழுதினார்கள். தருமபுரிப் பக்கத்திலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படித்த இருவர் மட்டும், தங்கள் வீட்டுப் பெரியவர்கள் தம் தந்தையர் சொல்லக் கேட்டதாக ‘சின்ன ரயில்’ என்ற பெயரைக் கொண்டுவந்தனர். எவ்வளவு சின்னது என்று கேட்டோம். ஒருவன் மாட்டுவண்டி அளவுக்குக் கை விரித்தான்; மற்றவன் மேசை அளவுக்கு. இருவரும் பார்க்காத பொருள். இருவருக்கும் சொன்னவர்களும் பார்க்காத பொருள். அளவு சொல்லக் கண்ணுக்கு ஒன்றும் இல்லாதபோது நினைவு இப்படித்தான் நீண்டும் குறுகியும் போகிறது.

தமிழ் படித்தவர்களுக்குத் தருமபுரி என்றதும் நினைவுக்கு வருவது நடுகல். ஆநிரை மீட்டும் ஊர் காத்தும் மாண்டவர்களுக்கு நட்ட கற்கள் அம்மாவட்டத்திலும் அடுத்துள்ள செங்கம் பகுதியிலும் கிடைத்த அளவுக்குத் தமிழகத்தில் வேறெங்கும் கிடைத்திருக்குமா என்பது ஐயமே. 1972இல் இரா. நாகசாமியைப் பதிப்பாசிரியராகக் கொண்டு தமிழ்நாடு அரசு தொல்பொருள் ஆய்வுத்துறை வெளியிட்ட ‘செங்கம் நடுகற்கள்’ நூலைப் புரட்டியவர்கள், அக்கற்களின் எழுத்து எவ்வளவு சிக்கனமானது என்பதை அறிவார்கள். எந்த அரசன், எத்தனையாவது ஆட்சியாண்டு, எந்த ஊர், யாருடைய ஆள், எந்தப் பூசலில் பட்டான். அவ்வளவுதான். எடுத்தனூரில் உள்ள மகேந்திரவர்மன் காலத்துக் கல் ஒன்று, கள்வரைக் கடித்துக் காத்து நின்ற நாயையும் விட்டுவிடாமல், அதன் பெயர் கோவிவன் என்று பொறித்து வைத்திருக்கிறது. பெயர் இல்லாமல் கல் நடுவதை அவர்கள் நினைத்தும் பார்த்திருக்க மாட்டார்கள்.

நம் காலத்தில் நிலைய வாயில்களிலும் பூங்காக்களிலும் மேடை கட்டி நிறுத்தப்படும் நீராவி எஞ்சினும் ஒருவகையில் நடுகல்தான். தன் வேலையில் ஓய்ந்தவனை மக்கள் நடமாடும் வழியில் நிறுத்தி மதிப்பளிப்பதே இரண்டிலும் நோக்கம். தொல்காப்பியம் நடுகல்லுக்கு ஆறு படிகள் சொல்லும்: கல்லைத் தேடிக் காண்பதில் தொடங்கி, எடுத்து வந்து, நீராட்டி, நட்டு, சிறப்புச் செய்து, வாழ்த்துவது வரை. எஞ்சின் விஷயத்தில் நாம் நான்காம் படியோடு நின்றுவிடுகிறோம். மேடையில் ஏற்றுகிறோம், கறுப்பு வண்ணம் அடிக்கிறோம், சக்கர விளிம்புக்கு வெள்ளை தீட்டுகிறோம், நாடா வெட்டுகிறோம். பலகை ஒன்று வைத்தால் அதில் திறந்து வைத்தவர் பெயர் பெரிதாகவும், எஞ்சின் எந்தப் பாதையில் எத்தனை ஆண்டு உழைத்தது என்பது சிறிதாகவும் இருக்கும், அல்லது இராது.

இத்தனைக்கும் ஒவ்வொரு நீராவி எஞ்சினும் தன் கல்வெட்டைத் தன் உடலிலேயே சுமந்து வருகிறது. கட்டிய நிறுவனம், கட்டிய ஆண்டு, பணிமனையின் வரிசை எண் மூன்றையும் பொறித்த உலோகத் தகடு ஒன்று அதன் பக்கவாட்டில் பதிக்கப்பட்டிருக்கும். ஓர் எஞ்சினின் பிறப்பை ஐயமின்றி நிறுவக்கூடிய சான்று அதுவே. பெரும்பாலும் பித்தளையால் ஆன அத்தகடுதான் காவலற்ற இடங்களில் முதலில் காணாமற் போகிறது. உலோக விலைக்காக எடுப்பவர் உண்டு. சேகரிப்பவர் தரும் விலைக்காக எடுப்பவரும் உண்டு. தகடு போனபின் எஞ்சுவது, எழுத்தழிந்த கல்.

மழையும் வெயிலும் செய்வதைப் பற்றியும் சிறிது சொல்ல வேண்டும். இரும்புதானே, எதையும் தாங்கும் என்று நினைப்பது பிழை. ஓடிக்கொண்டிருந்தவரை எஞ்சினின் உட்புறத்தை நெருப்பு உலர்த்திக்கொண்டே இருந்தது. எண்ணெய் அதன் மூட்டுகளைக் காத்தது. நிறுத்திய நாள்முதல் இரண்டும் இல்லை. மூடாத புகைபோக்கி வழியாக மழைநீர் முன்புறப் புகைப்பெட்டிக்குள் இறங்கும். அங்கே தங்கிய கரியும் சாம்பலும் கந்தகம் கலந்தவை. நீர் பட்டதும் அமிலமாகித் தகட்டை அடியிலிருந்து அரிக்கும். கொதிகலனின் மேல் வெப்பம் காக்கப் போர்த்திய மெல்லிய உறைக்குள் ஈரம் புகுந்தால் வெளியேற வழியில்லை. வெளியே பளபளவென்று வண்ணம் மின்ன, உள்ளே கொதிகலன் மக்கிக்கொண்டிருக்கும். அந்த உறைக்குள் கல்நார் அடைத்திருந்தால், பிய்ந்த இடத்தில் கை வைத்து விளையாடும் குழந்தைகளுக்கும் அது கேடு. செய்ய வேண்டியது பெரிய வித்தையல்ல. சாம்பலை முற்ற நீக்குதல், புகைபோக்கியை மூடுதல், நீர் தேங்கும் இடங்களில் வடிகால் விடுதல், அசையும் பாகங்களுக்கு மசகு பூசுதல், எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு கூரை. ஆண்டுதோறும் வண்ணம் பூசச் செலவிடும் பணத்தைச் சேர்த்தாலே நாளடைவில் கூரை போட்டுவிடலாம் என்பது எம் எண்ணம். கூரை போட்டால் எஞ்சின் சாலையிலிருந்து தெரியாது என்று மறுப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு எஞ்சின் வேண்டாம், எஞ்சினின் தோற்றம் போதும்.

குறும்பாதை எஞ்சினுக்கு மட்டும் உரிய ஒரு வினோத நிலையையும் இங்கே குறிக்க வேண்டும். சிறியது என்பதால் அதைக் காப்பது எளிது. ஒரு லாரியில் ஏற்றிக் கொண்டுவரலாம், சிறு பூங்காவில் நிறுத்தலாம். அதே சிறுமையால் அதைத் துண்டாக்கி விற்பதும் எளிது. பிறந்த இடத்திலிருந்து பிரிப்பதும் எளிது.

கோவை ரயில் நிலைய வாயிலில் நீலகிரி மலை எஞ்சின் ஒன்று காட்சிக்கு நிற்கிறது. ஊட்டி வண்டியைக் குறும்பாதை என்று பலர் எழுதுகிறார்கள். அது மீட்டர் பாதை. பற்சக்கரத்தின் உதவியால் ஏறுவது. ‘பொம்மை ரயில்’ என்ற செல்லப்பெயர் அளவைக் குறித்த மயக்கத்தை உண்டாக்கிவிட்டது. ஆயினும் அந்த எஞ்சின் நிற்கும் இடம் பொருத்தமானது. அதன் பாதை சில பத்துக் கிலோமீட்டரில் இருக்கிறது, 2005இல் யுனெஸ்கோவின் உலக மரபுப் பட்டியலில் இடம்பெற்றது, இன்றும் ஓடுகிறது. எஞ்சினைப் பார்த்த குழந்தை மறுநாள் மேட்டுப்பாளையம் போய் அதன் உறவினரின் மூச்சைக் கேட்கலாம்.

மூணாற்றில் நிலை வேறு. குண்டளைப் பள்ளத்தாக்கில் 1902இல் ஒற்றைத் தண்டவாள வண்டியாகத் தொடங்கி, 1908இல் இரண்டடிக் குறும்பாதையாக மாறிய சிறு ரயில் ஒன்று தேயிலையை டாப் ஸ்டேஷனுக்குச் சுமந்தது. அங்கிருந்து கம்பிவடத்தில் கொட்டகுடிக்கு இறங்கிய பெட்டிகள் போடிநாயக்கனூர் வழியே தமிழகத்துக்குள் வந்தன. 1924ஆம் ஆண்டு வெள்ளம் அப்பாதையை அடித்துக்கொண்டு போயிற்று. மீண்டும் அதைப் போடவே இல்லை. இன்று மூணாற்றுத் தேயிலை அருங்காட்சியகத்தில் அந்த ரயிலின் சக்கரம் ஒன்று இருக்கிறது. ஒரே ஒரு சக்கரம். ஆனால் அந்த மண்ணிலேயே, அந்தத் தேயிலைக்கு நடுவிலேயே, அந்தக் கதையோடு இருக்கிறது. தோட்டத்தில் உழைத்த தமிழ்க் குடும்பங்களின் வழித்தோன்றல்கள் போய்ப் பார்க்கும் தொலைவில் இருக்கிறது.

இதற்கு மறுகோடியில் டார்ஜிலிங்கின் 19ஆம் எண் எஞ்சின் உள்ளது. 1889இல் ஷார்ப் ஸ்டூவர்ட் நிறுவனம் கட்டிய இது, 1960களின் தொடக்கத்தில் ஓர் அமெரிக்கருக்கு விற்கப்பட்டுக் கடல் கடந்தது. நாற்பது ஆண்டுகள் கழித்து இங்கிலாந்தில் ஏட்ரியன் ஷூட்டர் என்னும் ரயில்வே நிர்வாகி அதை வாங்கிச் சீர்செய்து, தம் நிலத்திலேயே பாதை போட்டு ஓட்டினார். எஞ்சின் உயிரோடு இருப்பதற்கு அவருக்கு நன்றி சொல்ல வேண்டும். இருந்தாலும் இமயத்தின் வளைவுகளுக்கென்று செய்த பொறி சமவெளியில் ஓடும்போது, அது ஏன் இவ்வளவு குட்டையாக, ஏன் முன்புறம் மணல் தூவ ஆள் உட்கார இடம் வைத்து இருக்கிறது என்பதை வாயால்தான் விளக்க வேண்டியிருக்கும். முழு எஞ்சினா, சொந்த மண்ணில் ஒற்றைச் சக்கரமா என்று எம்மைக் கேட்டால், சற்றுத் தயங்கிச் சக்கரத்தின் பக்கமே சாய்வோம். எல்லோரும் ஒப்புவார்கள் என்று சொல்லவில்லை.

எஞ்சினையும் இடத்தையும் சேர்த்தே காத்தவர்கள் வேல்ஸ் நாட்டின் டாலிலின் பாதைக்காரர்கள். 1865இல் கற்பலகைச் சுரங்கத்துக்காகப் போட்ட குறும்பாதை மூடப்படும் நிலையில், எழுத்தாளர் எல்.டி.சி. ரோல்ட் முதலான ஆர்வலர்கள் ஒரு சங்கம் அமைத்து 1951 முதல் தாங்களே ஓட்டத் தொடங்கினர். தன்னார்வலர்கள் ஏற்று நடத்திய உலகின் முதல் ரயில்பாதை அதுவே. அந்த முயற்சிக்கு ஓர் இலக்கியவாதி தலைகொடுத்தார் என்பதை இப்பக்கங்களின் வாசகர்கள் கவனிக்க வேண்டும்.

இந்தியாவில் முயற்சியே இல்லை என்று சொல்வது நியாயமாகாது. மைக்கேல் சாட்டோ என்னும் ஆங்கிலேயப் பொறியாளர் பழைய எஞ்சின்களைத் தேடியலைந்து கொடுத்த ஊக்கத்தின் பயனாக 1977இல் தில்லியில் தேசிய ரயில் அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. குறும்பாதைக்கென்றே நாகபுரியில் 2002 டிசம்பரில் ஓர் அருங்காட்சியகம் வந்தது. இலங்கையில் களனிப் பள்ளத்தாக்கின் இரண்டரை அடிப் பாதை 1990களில் அகலமாக்கப்பட்டது. நம் தோட்டத் தொழிலாளர் அறிந்த நானுஓயா–ராகலைப் பாதை அதற்கு அரை நூற்றாண்டு முன்பே மறைந்துவிட்டது. அந்நாட்டு ரயில் வரலாற்றைச் சொல்ல 2014இல் கடுகண்ணாவையில் ஒரு தேசிய அருங்காட்சியகம் அமைந்தது. நம் திருச்சிப் பொன்மலைப் பணிமனையோ இன்னும் ஒரு படி மேலே. 2011 முதல் நீலகிரிக்குப் புதிய நீராவி எஞ்சின்களையே அங்கு கட்டியிருக்கிறார்கள். கொதிகலன் கட்டும் கை தமிழ்நாட்டில் இன்னும் இருக்கிறது என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை. அந்தக் கைகள் ஓய்வுபெறுமுன், நிற்கும் எஞ்சின்களை அவர்களைக் கொண்டு ஒருமுறை திறந்து பார்த்து, உள்ளே எது மிஞ்சியிருக்கிறது என்று எழுதி வைப்பது அவசரமான பணி.

எம் ஊருக்கு அருகில் கஞ்சமலை நிற்கிறது. சித்தர் மலை என்று வணங்குகிறோம். இரும்புத்தாது மலை என்றும் அறிவோம். 1830களில் பரங்கிப்பேட்டையில் இரும்பாலை நடத்திய ஜோசையா மார்ஷல் ஹீத் சேலத்துத் தாதுவைத்தான் நம்பினார். இரும்பு விளைந்த மாவட்டத்தில் அம்மண்ணில் ஓடிய ஓர் இரும்பு வண்டியின் நினைவு இல்லை என்பது கொஞ்சம் உறுத்தவே செய்கிறது. இளம்பிள்ளைக்காரர்களுக்கு இந்த உறுத்தல் பழக்கமானதுதான். விசைத்தறியின் ஓசைக்கு நடுவே வாழும் எம் பிள்ளைகளில் எத்தனை பேர் குழித்தறியில் கால் வைத்துப் பார்த்திருப்பார்கள்? ஒரு தறியையேனும் முழுதாக, பாவும் ஊடையுமாக, ஊரில் நிறுத்தி வைக்கலாமே என்று சொன்னால், இடம் ஏது என்கிறார்கள்.

மொரப்பூர்–தருமபுரிப் பாதையை அகலப்பாதையாக மீண்டும் போட 2019இல் அடிக்கல் நாட்டப்பட்டது. அந்த வண்டி ஓடத் தொடங்கும் நாளில், தருமபுரி நிலைய முகப்பில் அழகுக்கென்று எங்கிருந்தாவது ஒரு குறும்பாதை எஞ்சினைக் கொண்டுவந்து நிறுத்த யாருக்கேனும் தோன்றலாம். நிறுத்தட்டும். ஆனால் அது இவ்வூரில் ஓடியதன்று, இன்ன பாதையிலிருந்து வந்தது என்று அதன் மேலேயே எழுத வேண்டும். எஞ்சின் கிடைக்காவிட்டாலும் குறையில்லை. இரண்டரை அடி இடைவெளியில் இரண்டு தண்டவாளத் துண்டுகளைப் பதித்தால் போதும். பிள்ளைகள் நடுவில் நின்று கை விரித்து அளந்து கொள்வார்கள். பக்கத்தில் ஒரு கல். அதில் இவ்வளவு இருக்கட்டும்: தாது வருடப் பஞ்சத்தின் பின் போட்டது, 1906இல் தருமபுரிக்கும் 1913இல் ஒசூருக்கும் வந்தது, 1941இல் போருக்குப் பட்டது. கிருஷ்ணகிரிக்கும் அதேபோல் ஒன்று வேண்டும். அங்கே பக்கத்தில் நிறுத்த நிலையமும் இல்லாததால், பேருந்து நிலையத்தில்தான் வைக்க வேண்டியிருக்கும்.